மாமாவின் இடதுகாலும் சரீர உயிர்த்தெழுதலும்

கர்த்தருக்குள் பிரியமான மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம், உன் அப்பாவின் இடதுகால் நீங்கலாக. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், உங்கள் எல்லோருடைய கால்களும், சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், அப்பா ஏதோ விரலைத் தேடி மண்ணைத் தோண்டினாராமே, போலீஸ் வந்ததாமே என்று கேட்டாய். உன் அக்கா பதில் சொல்ல ஆரம்பித்துச் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் அழுகையாக மாறியதும் போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படி ஒரே வரியில் முடிகிற சங்கதி இல்லை இது. மறுபடி போனில் சொல்லலாம் என்றால், நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் உன் அக்கா பக்கத்தில் நின்று மூன்று திருத்தம் சொல்வாள். ஆகவே கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு துருப்பிடித்த ஆணி. பின்பக்கக் கொட்டகையில் மாமா இன்னும் பலகை இழைத்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும், சர்க்கரை வந்து கால் மரத்துப்போனதும் தெரியும். ஆணி உள்ளே ஏறியது அவருக்குத் தெரியவில்லை, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு அதே ஆணியின் மேல் பல நாள் நடந்திருக்கிறார். உன் அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிறவள், சொந்த அப்பாவின் காலில் குத்தியிருந்தது அவளுக்கும் தெரியவில்லை. அவள் கண்டுபிடித்தபோது இரண்டு விரல் கறுத்துப் பாதம் வீங்கியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி, வார்த்தையைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிக்கிறவர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். தள்ளிப்போட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், அதையும் தள்ளிப்போட்டால் தன்னுடைய உதவி தேவைப்படாது என்றார். நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். மாமா மட்டும் மரக்கடையில் விலை கேட்கிற குரலில், "எடுத்த காலை என்ன செய்வீங்க?" என்று கேட்டார். எரித்துவிடுவோம் என்றார் மருத்துவர். மாமா எழுந்தார், சம்மதப் படிவத்தை மருத்துவர் பக்கமே நகர்த்தி வைத்தார், நான் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு முந்தின வாரம் நம் போதகர் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்கிற வரியை எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்திருந்தார். ஆவி மட்டும் புகை மாதிரி மேலே போவது கிறிஸ்தவ நம்பிக்கை ஆகாது, கடைசி நாளில் இதே உடம்போடுதான் எழும்புவோம் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். நான் அந்த வரி வரும்போதெல்லாம் வீட்டுச் சாவி பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிற விசுவாசி. மாமா அப்படியல்ல. "ஐம்பது வருஷமா ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு அந்த வரியைச் சொல்லிட்டு வர்றேன். இடதுகால் நீங்கலான்னு ஒருநாளும் சொன்னதில்லை" என்றார். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எல்லாரும் எழுந்து நிற்க, தான் மட்டும் கல்லறையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நிற்பதா என்பது அவர் கேள்வி. உன் அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள், சாப்பிட மாட்டேன் என்றாள். மாமா அவள் தட்டையும் சேர்த்து மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

வினை விதைத்தவரே அறுக்கட்டும் என்று போதகரை அழைத்து வந்தேன். அவர் மாமாவின் மகனாக இருக்கக்கூடிய வயதுக்காரர், நல்ல பிள்ளை, வரும்போதே ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்தார். விதை மண்ணில் விழுந்து செத்துத்தான் செடியாக முளைக்கிறது, போட்ட விதையே அப்படியே வெளியே வருவதில்லை என்று தொடங்கினார். மாமா, "முழு விதையைப் போட்டா முளைக்கும் ஐயா, பாதி விதையைப் போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். போதகர் அதை விட்டுவிட்டு ஆதிச் சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளுக்குப் போனார். அவர்களைச் சிங்கம் தின்றதே, அவர்களையும் ஆண்டவர் எழுப்பத்தானே போகிறார் என்றார். சிங்கம் தின்றால் அது சிங்கத்தின் பொறுப்பு, நானே கையெழுத்துப் போட்டு எரிக்கக் கொடுத்தால் அது என் பொறுப்பு என்றார் மாமா. கடைசியாகப் போதகர் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தையே உண்டாக்கினவருக்கு ஒரு கால் பெரிதா என்று கேட்டார். நானும் இதோடு முடிந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமா தலையாட்டி ஒப்புக்கொண்டார்.

"அவரால முடியாதுன்னு நான் சொல்லலை ஐயா. ஆண்டவரும் தச்சுவேலை செய்தவர்தான். ஒரு தச்சன் வேலைக்கு வர்றார்னா, நாம மரத்தை எடுத்து ஒழுங்கா அடுக்கி வைக்கணும். நீங்களே மரத்தையும் கொண்டு வாங்கன்னு சொன்னா அது மரியாதை இல்லை."

போதகர் ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டார். வழக்கமாக அவர்தான் நமக்காக ஜெபிப்பார், அன்றைக்கு வாசலில் நின்று, "எனக்காக ஜெபிச்சுக்குங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்துவிட்டது மச்சான். மரத்தை அடுக்கி வைப்பதுதான் பிரச்சினை என்றால், காலை எரிக்காமல் வாங்கி வந்து சபைக் கல்லறைத் தோட்டத்தில், அத்தையை, உன் அம்மாவை, வைத்த குழியிலேயே அடக்கம் செய்துவிடலாமே என்றேன். மாமாவின் முகம் தெளிந்தது. உன் அக்கா என்னை ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். மறுநாளே நானும் மாமாவும் ஆட்டோவில் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கே செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். யாரும் இறக்கவில்லை, கால் மட்டும்தான் என்றேன். யாருடைய கால் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா, "என்னோடது" என்று குரல் கொடுத்தார். செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, விதிப்படி ஒரு விசுவாசிக்கு ஒரு குழிதான், இப்போது காலுக்கு இடம் வாங்கிக்கொண்டு பின்னால் மீதி வரும்போது இன்னொரு இடம் கேட்கக் கூடாது என்றார். மீதியும் அதே குழிக்குத்தான் வரும் என்று மாமா எழுதிக்கொடுக்கத் தயாரானார். வயது என்ன என்றார் செயலாளர். எனக்கா காலுக்கா என்று மாமா கேட்க, காலுக்கு என்று அவர் சொல்ல, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பிறந்தோம்" என்றார் மாமா. செயலாளர் அதையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒப்புக்கொண்டு, பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ஒரு பகுதி' என்று எழுதினார்.

அதோடு நின்றிருந்தால் நான் இந்த வீட்டில் ஒரு மேதையாக வாழ்ந்திருப்பேன். ஆட்டோவில் திரும்பும்போது மாமா தன் இடதுகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தபோது வட்ட ரம்பத்தில் அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் போனது உனக்குத் தெரியும். அவற்றை என்ன செய்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஒரு தகர டப்பாவில் போட்டு மில்லின் பின்சுவர் ஓரமாகப் புதைத்தார்களாம். "கால் ஓரிடம், விரல் ஓரிடம்னு கிடந்தா நல்லாவா இருக்கும்? அதையும் எடுத்து ஒண்ணா வெச்சிடுவோம்" என்றார். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கால் எடுக்கச் சம்மதிக்க மாட்டாரே. உன் அக்காவிடம் கேட்டேன். "மேதை, நீங்களே பார்த்துக்குங்க" என்றாள்.

அந்த மில் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. சனிக்கிழமை காலை நான் ஒரு மண்வெட்டியோடும், மாமா காலை பிளாஸ்டிக் உறையால் கட்டிக்கொண்டும் போய் இறங்கினோம். கடைக்காரரிடம், ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு டப்பா புதைத்து வைத்திருக்கிறோம், தோண்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். டப்பாவுக்குள் என்ன என்று அவர் கேட்டதற்கு, அதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது என்றேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். அவர் கண் பளபளத்தது. கழுவிக்கொண்டிருந்த காரை அப்படியே நுரையோடு நிறுத்திவிட்டு, வேலையாட்களைக் கடப்பாரையோடு கூப்பிட்டு, தானும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். கிடைத்ததில் பாதி என்று அவர் என் காதில் சொன்னபோது, பாதி என்றால் ஒரு விரல்தானே, அதை வைத்து இவர் என்ன செய்வார் என்று நான் குழம்பினேன். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்னும் வலப்பக்கம், இன்னும் ஆழம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கிற்று. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி, நுரையோடு நின்ற காரை அலசி, அதன் சொந்தக்காரரையும் அலசியது. தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத உன் அப்பா, விரல் என்றார்.

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "யாரோட விரல்?"

"என்னோடது."

"நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

"அதனாலதான் நானே வந்து தேடுறேன்" என்றார் மாமா, எட்டு விரலையும் நீட்டிக் காட்டி.

புகார் யார் மேல் என்று கேட்டார் போலீஸ்காரர். யார் மேலும் இல்லை, ரம்பத்தில் கையை வைத்தது நான்தான் என்று மாமா சொல்லி, கடைசி நாளையும் எக்காளத்தையும் சரீர உயிர்த்தெழுதலையும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே நிதானமாக விளக்கினார். போதகரின் பிரசங்கத்தைவிட அது நன்றாக இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்டவர்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புதையல் போன துக்கத்தில் இருந்த கடைக்காரர், போன வருஷம் எடுத்துவிட்ட தன் பித்தப்பையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். போலீஸ்காரர் என்னைத் தனியாக அழைத்து, பிடுங்கிப்போட்ட கடைவாய்ப் பல்லுக்கும் இது பொருந்துமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வேலையாள் சேற்றிலிருந்து ஒரு சின்ன எலும்பை எடுத்து நீட்டினான். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். மாமா அதைக் கழுவச் சொல்லி வாங்கி, தன் கையோடு வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது என் விரல் இல்லை. என் விரல் எனக்குத் தெரியாதா?"

சிரிப்பதற்கு அதோடு முடிந்தது மச்சான். சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பிளாஸ்டிக் உறைக்குள் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது. உன் அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவினாள். நாற்றத்துக்கு முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் செத்துப்போனால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு சண்டை போடுவேன் என்று அப்போது தோன்றியது. உன் அக்கா தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அப்பா, ஆண்டவர் எழும்பின பிறகு அந்தச் சந்தேகப்பட்ட சீடர்கிட்ட எதைக் காட்டினார்? புதுசா ஒரு கையையா காட்டினார்? ஆணி அடிச்ச தழும்பைத்தானே காட்டினார். சாவையே ஜெயிச்சு வந்தவருக்கு அந்த ஓட்டையை மூடிக்கத் தெரியாதா? அவர் மூடிக்கலை. காயத்தோடதான் எழும்பினார். அதை வெச்சுத்தான் அவரை அடையாளமே கண்டுபிடிச்சாங்க. அவருக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு என்ன?"

மாமா தன் இடதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க அம்மா என்னை முதல்ல பார்க்கும்போதே எட்டு விரல்தான்" என்றார். "பத்து விரலோட போய் நின்னா யார் நீங்கன்னு கேட்டிருப்பா." நான் பாய்ந்து அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். பாருங்கள் மாமா, அப்படியென்றால் குறையோடு எழும்புவதுதான் நல்லது, காலையும் கொடுத்துவிடலாம் என்றேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கால் ரெண்டும் இருந்துச்சே மாப்பிள்ளை. இப்போ ஒத்தைக் காலோட போனாலும் யார்னுதானே கேட்பா?"

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு இனிமேல் எந்த யோசனையும் வராது என்று ஆண்டவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். உன் அக்காதான் விடவில்லை.

"அம்மாவுக்குக் கடைசி வருஷங்கள்ல கண்ணே தெரியலையே அப்பா. ராத்திரி பகல் தெரியாம, யாரு யாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நீங்க கையை நீட்டுவீங்க. விரல் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்துட்டு, நீங்கதானான்னு சொல்லிட்டுத் தூங்குவாங்க. ஒருநாளாவது உங்க காலைத் தடவிப் பார்த்தாங்களா?"

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி, உன் அக்காவின் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

ஆகவே மச்சான், எல்லாம் முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை அறுவை. கால் அத்தையின் குழிக்குப் போகிறது, மாமா அதற்கு ஒரு பெட்டிகூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்து மெருகு போட்டுவிட்டார். விரல்களை ஆண்டவர் பொறுப்பில் விட்டுவிட்டோம். குழாய்க்காரர் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டார். இதற்காக நீ லீவு எடுத்து, டிக்கெட்டுக்கு அலைந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், அதுவே அவருக்கு அதிகம் என்று அவரே சொல்கிறார். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தலையில் என் சார்பாகக் கைவைத்து ஆசீர்வதித்துவிடு, தாத்தாவின் ஆசீர்வாதமும் அதில் சேரட்டும். காக்கிறவர் உங்களை உறங்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
இனி யோசனை சொல்லாத
உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துவிட்டேன். நல்லதாயிற்று, மேலே எழுதியதில் பெரும்பகுதி இப்போது செல்லாது. புதன்கிழமை ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவர் வந்து இயந்திரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, கணுக்கால் வரை ரத்தம் நன்றாக ஓடுகிறது, காலை எடுக்க வேண்டாம், கறுத்த இரண்டு விரலை மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்குக் கோபம். இவ்வளவு ஜெபம் பண்ணி மனதைத் திடப்படுத்திக் கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சை மாற்றுகிறார்கள் என்றார். எடுத்த விரல்களை என்ன செய்யட்டும் என்று அறுவை மருத்துவர் கேட்டதற்கு, "எரிச்சிடுங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றார். உன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். கல்லறைத் தோட்டச் செயலாளர் பென்சிலில் எழுதியதை அழிக்க மனுக் கொடுக்கச் சொல்கிறார்.

இன்னொன்று. மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் அவர் காலைக் கேட்கவில்லை. "அவன் வந்தானா?" என்று கேட்டார். இன்னும் இல்லை மாமா என்றேன். "வேலை இருக்கும்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆகவே, நீ வர வேண்டியதில்லை என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படி. கால் பிழைத்துவிட்டது, உயிருக்கும் ஒன்றும் இல்லை, வருவதற்கு உனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. காரணம் இல்லாமல் ஒரு தடவை வந்துவிட்டுப் போ மச்சான்.